ஹவியேர் பெரெஸ் டி குவேயார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவியேர் பெரெஸ் டி குவேயார் யார்?

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் 1920 ஜனவரி 19 அன்று பிறந்தவர். 1982 ஜனவரி 1 முதல் 1991 டிசம்பர் 31 வரை பத்தாண்டுகள் ஐக்கிய நாடுகள் அவையின் ஐந்தாம் பொதுச்செயலாளராக இருந்தவர். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் இவரே. ஓய்வுக்குப் பிறகு 1995இல் பெருவின் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். ஐந்தாண்டு கழித்து, நாடு நிலைகுலைந்து நின்றபோது, எண்பது வயதில் அதன் பிரதமரானார். நூறு வயது நிறைந்த சில வாரங்களில், 2020 மார்ச் 4 அன்று, பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவருடைய பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

அக்காலத் தமிழ் நாளேடுகளில் "டி குயெல்லர்", "கொய்லர்" எனப் பலவாறு அச்சானது. பெருவின் ஸ்பானிய உச்சரிப்பில் இரட்டை லகரம் யகர ஒலியாகும். ஆகவே "குவேயார்" என்பதே நெருங்கி வரும். "பெரெஸ் டி குவேயார்" முழுவதும் தந்தைவழிக் குடும்பப் பெயர் என்பதால் கடைசிச் சொல்லை மட்டும் பிரித்து அழைப்பது பொருந்தாது. தாய்வழிப் பெயரான "கெர்ரா" என்பதற்கு ஸ்பானிய மொழியில் போர் என்று பொருள். போர்களை நிறுத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்குப் பெயரின் வால் இப்படி அமைந்துவிட்டது.

தூதரகப் பணிக்கு எப்படி வந்தார்?

வறுமையும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. தந்தை வணிகர், மகனுக்கு நான்கு வயதிருக்கும்போதே இறந்துவிட்டார். லிமாவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே 1940இல் வெளியுறவு அமைச்சகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்த அமைச்சகம் இயங்கும் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையின் பெயர் தோர்ரே தாக்லே; பெருவில் வெளியுறவுத் துறையையே அந்தப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். 1944இல் முறையான தூதரகப் பணியில் நுழைந்த அவர், பிரான்ஸ், பிரிட்டன், பொலிவியா, பிரேசில் என ஒவ்வொரு தூதரகமாகப் பணியாற்றினார். 1946இல் லண்டனில் ஐ.நா. பொதுச்சபை முதன்முறையாகக் கூடியபோது பெருவின் குழுவில் இருந்த இளநிலை அலுவலர்களில் இவரும் ஒருவர். அந்த அமைப்புக்கே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துத் தலைமையேற்கப் போகிறவர், அதன் முதல் கூட்டத்தில் காகிதக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்.

1961இல் லிமா திரும்பி, அமைச்சகத்தின் சட்டம், நிர்வாகம், மரபுமுறை, அரசியல் ஆகிய பிரிவுகளை அடுத்தடுத்து நடத்தினார். தூதரகச் சட்டம் பற்றி 1964இல் ஒரு கையேடும் எழுதினார். அவருடைய பிற்கால நடையைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டுகள் முக்கியமானவை. மேடைப் பேச்சாலோ கட்சியாலோ வளர்ந்தவர் அல்லர். கோப்புகளிலும் வரைவுகளிலும் வளர்ந்தவர்.

ஐ.நா.வுக்கு முன் எந்தப் பதவிகள் அவரைக் கவனிக்க வைத்தன?

சுவிட்சர்லாந்தில் தூதராக இருந்தபின், 1969இல் சோவியத் ஒன்றியத்துக்கான பெருவின் முதல் தூதராக மாஸ்கோ சென்றார். அப்போது பெருவை ஆண்ட ஹுவான் வெலாஸ்கோ அல்வராதோவின் இராணுவ அரசு, அமெரிக்க நிழலிலிருந்து விலகிப் புதிய உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தது. பனிப்போரின் ஒரு தரப்பு மட்டுமே தெரிந்த இலத்தீன் அமெரிக்கத் தூதர்கள் பலர் இருந்த காலத்தில், இரு தரப்பின் தலைநகரங்களிலும் பழகியவர் என்ற தகுதி இவருக்கு அப்படித்தான் வந்தது.

1971இல் ஐ.நா.வில் பெருவின் நிரந்தரப் பிரதிநிதியானார். 1974 ஜூலையில் பாதுகாப்பு அவையின் சுழற்சித் தலைமை பெருவிடம் இருந்தது. அந்த மாதம் 15ஆம் நாள் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு. 20ஆம் நாள் துருக்கியப் படைகள் தீவில் இறங்கின. அவையை அவர் நடத்திய விதம் கவனத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டே பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் அவரைச் சைப்ரஸுக்கான தமது சிறப்புப் பிரதிநிதியாக அனுப்பினார். 1977 இறுதி வரை அங்கே இருந்தார். கிரேக்க சைப்ரஸ் மக்களின் தலைவர் மக்காரியோசும் துருக்கிய சைப்ரஸ் மக்களின் தலைவர் ரவுஃப் டெங்க்டாஷும் அவ்வாண்டு பிப்ரவரியில் நேரில் உட்கார்ந்து, இரு சமூகங்கள் கொண்ட கூட்டாட்சி என்ற அடிப்படைக்கு ஒப்பியது அந்தக் காலத்தில்தான். அத்தீவு இன்னும் பிளவுபட்டே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெனிசுவேலாவில் சிறிது காலம் தூதராக இருந்தபின் 1979இல் ஐ.நா. தலைமையகத்தில் துணைச் செயலாளரானார். 1981இல் ஆப்கானிஸ்தான் பிரச்சினைக்காகப் பொதுச்செயலாளரின் சார்பில் இஸ்லாமாபாத்துக்கும் காபூலுக்கும் சென்று வந்தார்.

அவர் போட்டியிடாமலேயே பொதுச்செயலாளர் ஆனார் என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. ஆனால் அதற்குமுன் சொந்த நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1981இல் அதிபர் பெலாவுந்தே தெர்ரி அவரைப் பிரேசிலுக்கான தூதராக நியமிக்க விரும்பினார். பெருவின் செனட் அதை ஏற்க மறுத்தது. நாற்பதாண்டுப் பணிக்குப் பிறகு இப்படியொரு அவமானம். ஒரு தூதரகத்துக்குத் தகுதியற்றவர் என்று சொந்த நாட்டுச் செனட்டர்கள் ஒதுக்கியவரை, அதே ஆண்டு முடிவதற்குள் உலக நாடுகள் தங்கள் பொது அமைப்பின் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தன.

நியூயார்க்கில் நடந்தது இது. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கும் ஒற்றை வாக்கால் தடுக்கும் வீட்டோ உரிமை உண்டு. மூன்றாவது முறையாகப் பதவி கேட்ட வால்ட்ஹைமைச் சீனா சுற்றுக்குச் சுற்று வீட்டோ செய்தது. தான்சானியாவின் சலீம் அகமது சலீமை அமெரிக்கா தடுத்தது. 16 சுற்றுகள் வாக்கெடுத்தும் இருவரில் ஒருவரும் தேறவில்லை. ஆறு வாரம் இப்படியே போயிற்று. டிசம்பரில் அவைத் தலைமைக்கு வந்த உகாண்டாவின் இளம் தூதர் ஒலாரா ஒட்டுன்னு, இருவரையும் விலகி நிற்கச் செய்தார். பின்பு மற்றவர்களின் பெயர்களை வைத்து, எந்தப் பெயருக்கு எந்த நிரந்தர உறுப்பினர் தடை சொல்வார் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஓர் இரகசிய மாதிரி வாக்கெடுப்பை நடத்தினார். ஐ.நா. அகதிகள் ஆணையராக இருந்த சத்ருத்தீன் ஆகா கான் நல்ல ஆதரவு பெற்றும் சோவியத் தடையில் சிக்கினார். ஐவரில் ஒருவரும் தடுக்காமல் தேறிய பெயர் பெரெஸ் டி குவேயார். 1981 டிசம்பர் 11 அன்று பாதுகாப்பு அவை அவரைப் பரிந்துரைத்தது. சில நாளில் பொதுச்சபை நியமித்தது. ஆதரவு திரட்டுவதற்காக நியூயார்க் போகாத அவர், செய்தி வந்தபோது லிமாவை அடுத்த கடற்கரை வீட்டில் இருந்தார்.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். என் கணிப்பு வேறு. யாருக்கும் ஆகாதவர் அல்லர் என்ற பெயர் ஒரே நாளில் கிடைக்காது. மாஸ்கோவிலும் சைப்ரஸிலும் காபூலிலும் சேர்த்த கணக்கு அது.

பதவியேற்ற முதல் ஆண்டில் என்ன செய்தார்?

நாற்காலி சூடாகுமுன் போர் வந்தது. 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா, தான் மால்வினாஸ் என அழைக்கும் ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹெய்க் இரு தலைநகரங்களுக்கும் பறந்து பறந்து நடத்திய சமரசம் ஏப்ரல் இறுதியில் முறிந்தது. மே 2 அன்று பெரெஸ் டி குவேயார் இரு தரப்புக்கும் ஒரு குறிப்பை அளித்தார். இரு படைகளும் ஒரே சமயத்தில் விலக வேண்டும். தீவுகளின் நிர்வாகத்தை ஐ.நா. இடைக்காலமாக ஏற்கும், இறையாண்மை பற்றி யாருடைய உரிமைக்கோரலுக்கும் குந்தகமின்றிப் பேச்சு தொடரும். அதே நாளில்தான் ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலைப் பிரிட்டனின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தனர். அதற்கு இரண்டு நாள் கழித்து ஷெஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் தாக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிட்டனின் ஆண்டனி பார்சன்சையும் அர்ஜென்டினாவின் என்ரிகே ரோசையும் தனித்தனியே தம் அறைக்கு அழைத்து, நாள் தவறாமல் பேசினார். இருவரும் ஒரே அறையில் உட்காரத் தயாராக இல்லை. ஒருவரின் சொல் மற்றவருக்கு இவர் வாயாலேயே போக வேண்டியிருந்தது. மே 20க்குள் முயற்சி முறிந்தது. மறுநாள் பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கின. ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படைகள் சரணடைந்தன.

பெருக்காரர் என்பதால் அவரைப் பிரிட்டன் சந்தேகிக்கவில்லையா?

சந்தேகிக்கக் காரணம் இருந்தது. பெரு அரசு வெளிப்படையாகவே அர்ஜென்டினாவின் பக்கம் நின்றது. அதிபர் பெலாவுந்தே தம் பங்குக்குத் தனியாக ஒரு சமரசத் திட்டமும் வைத்திருந்தார். ஆயினும் முயற்சி முறிந்தபோது பழி பொதுச்செயலாளர்மீது விழவில்லை. அதுவே அவருடைய சாதனை. தோற்ற பேச்சுவார்த்தையில் நடுவர் மதிப்பிழக்காமல் வெளியே வருவது அரிது.

அவ்வாண்டுச் செப்டம்பரில் அவர் எழுதிய முதல் ஆண்டறிக்கை இந்த அனுபவத்தின் விளைவே. உலகம் புதியதொரு சர்வதேச அராஜகத்தை அபாயகரமாக நெருங்கிவிட்டது என்று அதில் எழுதினார். போர் மூண்டபின் கூடித் தீர்மானம் போடுவதைவிட, மூளுமுன் தகவல் திரட்டி அவையை எச்சரிக்கும் பணியைத் தாம் செய்ய விரும்புவதாகவும் சொன்னார். மென்மையாகப் பேசுபவர் என்று பெயரெடுத்தவரிடமிருந்து அப்படியொரு வாசகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஈரான்–ஈராக் போரை அவர் எப்படி முடிவுக்குக் கொண்டுவந்தார்?

அவர் மட்டுமே முடித்தார் என்று சொன்னால் மிகை. அவர் இல்லாமல் முடிந்திருக்கும் என்று சொல்வதும் கடினம். அவருடைய பத்தாண்டில் மிகப் பொறுமையான வேலை இதுதான்.

1980 செப்டம்பர் 22 அன்று தொடங்கிய போரில் பாதுகாப்பு அவையை ஈரான் நம்பவே இல்லை. தன் மண்ணில் ஈராக்கியப் படைகள் இருந்தபோதும், விலகிச் செல் என்று சொல்லாமல் போரை நிறுத்து என்று மட்டும் சொன்ன அவை அது என்பது தெஹ்ரானின் மனக்குறை. ஆகவே ஈரான் பேசத் தயாராக இருந்த ஒரே ஐ.நா. வாசல் பொதுச்செயலாளர் அலுவலகம். அந்த வாசல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய முதல் வேலையாயிற்று. 1984 மார்ச்சில், இரசாயன ஆயுதம் பயன்படுத்தப்படுகிறது என்ற ஈரானின் புகாரை விசாரிக்க, அவையின் உத்தரவுக்குக் காத்திராமல் தம் சொந்தப் பொறுப்பில் சுவீடன், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் வல்லுநர் நால்வரை அனுப்பினார். கடுகு வாயுவும் தபூன் என்ற நரம்பு நஞ்சும் பயன்பட்டிருப்பதை அவர்கள் உறுதிசெய்தனர். அதே ஆண்டு ஜூனில், குடிமக்கள் வாழும் நகரங்களைத் தாக்குவதில்லை என்ற உறுதிமொழியை இரு தரப்பிடமும் வாங்கினார். அது நெடுநாள் நிற்கவில்லை. 1985இல் தெஹ்ரானுக்கும் பாக்தாத்துக்கும் நேரில் போனார்.

1987 ஜனவரியில் செய்தியாளர் சந்திப்பு ஒன்றில், ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் தங்களுக்குள் கூடிப் பேசி இந்தப் போருக்கு ஒரு பொது நிலை காண வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதன் பிறகு ஐவரின் தூதர்கள் தனியே கூடத் தொடங்கினர். பனிப்போர்க் காலத்தில் அது புதிது. அந்தச் சந்திப்புகளிலிருந்து பிறந்ததே 1987 ஜூலை 20 அன்று ஒருமனதாக நிறைவேறிய 598ஆம் தீர்மானம். அதன் ஆறாம் பத்தியில், போருக்கு யார் பொறுப்பு என்பதைப் பாரபட்சமற்ற அமைப்பு ஒன்று விசாரிக்கும் வழியைப் பொதுச்செயலாளர் ஆராய வேண்டும் என்று இருந்தது. ஈரானின் நெடுநாள் கோரிக்கைக்கு அது ஒரு கைப்பிடி.

ஈரான் அதை ஏற்க ஓராண்டாயிற்று. போர்க்களப் பின்னடைவுகளுக்கிடையே, 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டுவீழ்த்தியதில் 290 பேர் இறந்தனர். சில நாளில் தெஹ்ரான் சம்மதித்தது. ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன.

ஆறாம் பத்தி அத்தோடு மறக்கப்படவில்லை. பதவி முடிய மூன்று வாரமே இருந்த நிலையில், 1991 டிசம்பர் 9 அன்று அளித்த அறிக்கையில், 1980இல் ஈரான்மீது ஈராக் நடத்திய தாக்குதலைப் பன்னாட்டுச் சட்டத்தின்படி நியாயப்படுத்த முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். லெபனானில் ஈரானுக்கு நெருக்கமான குழுக்களிடம் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த மேற்கத்தியப் பணயக்கைதிகளை மீட்க, அவருடைய உதவியாளர் ஜான்தொமேனிக்கோ பிக்கோ பெய்ரூட்டின் இரகசிய வீடுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்த காலமும் அதுவே. பிரிட்டனின் டெர்ரி வெயிட் நவம்பரிலும் அமெரிக்கச் செய்தியாளர் டெர்ரி ஆண்டர்சன் டிசம்பர் 4இலும் விடுதலையாயினர். இரண்டுக்கும் தொடர்புண்டா என்று கேட்பவர்களுக்கு, தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும்.

நமீபியாவின் விடுதலையில் அவர் பங்கு என்ன?

தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவுக்குத் தேர்தல் வழியே விடுதலை என்பதைப் பாதுகாப்பு அவையின் 435ஆம் தீர்மானம் 1978இலேயே வகுத்திருந்தது. பத்தாண்டு அது காகிதமாகவே கிடந்தது. அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் விலகுவதோடு இணைத்து 1988 டிசம்பரில் உடன்பாடு கண்டபோது, தூசி தட்டி எடுக்கத் திட்டம் தயாராக இருந்தது. 1989 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வர வேண்டும். ஆனால் செலவைக் குறைக்கச் சொல்லி நிரந்தர உறுப்பினர்கள் வற்புறுத்தியதால் நிதி ஒதுக்கீடு தாமதமாகி, அந்த நாளில் அமைதிப்படையின் பெரும்பகுதி நமீபியாவை எட்டியிருக்கவில்லை. எல்லை கடந்து வந்த, நமீபிய விடுதலை இயக்கமான சுவாப்போவின் போராளிகளைத் தடுக்கத் தென்னாப்பிரிக்கப் படைகள் முகாமைவிட்டு வெளியேற ஐ.நா. அனுமதித்தது, சில நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் கொல்லப்பட்டனர். பெரெஸ் டி குவேயாரின் பதவிக்காலத்தில் என்னால் எளிதில் கடக்க முடியாத முடிவு இது. வேறு வழி இல்லை என்ற விளக்கம் உண்டு. வழி இல்லாமற்போனது, படை வருமுன் நாள் வந்துவிட்டதால்தான்.

திட்டம் முறியாமல் தப்பியது. நவம்பரில் தேர்தல் நடந்து, 72 இடங்களில் 41ஐச் சுவாப்போ வென்றது. அமைதிப்படைக்குத் தளபதி இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த். சைப்ரஸில் பெரெஸ் டி குவேயார் பிரதிநிதியாக இருந்தபோது அங்கும் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1990 மார்ச் 21இன் நள்ளிரவில் விண்ட்ஹூக் விளையாட்டரங்கில் தென்னாப்பிரிக்கக் கொடி இறங்கியது. புதிய நாட்டின் முதல் அதிபர் சாம் நுஜோமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் பெரெஸ் டி குவேயார். வேறொரு நாட்டின் அதிபருக்கு ஐ.நா. பொதுச்செயலாளர் பிரமாணம் செய்துவைப்பது வழக்கத்தில் இல்லாதது.

எல் சல்வடோர் உடன்பாடு கடைசி நிமிடத்தில் முடிந்தது எப்படி?

பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 75,000 பேர் இறந்திருந்தனர். அரசுக்கும் எஃப்.எம்.எல்.என். கிளர்ச்சியாளருக்கும் நடுவே பேச்சை நடத்தியவர் அவருடைய சக நாட்டவரும் உதவியாளருமான ஆல்வரோ டி சோட்டோ. போர் நிறுத்தத்துக்கு முன்பே மனித உரிமைகளுக்கு உடன்பாடு கண்டு, 1991 ஜூலையில் ஐ.நா. கண்காணிப்பாளர்களை நாட்டுக்குள் அனுப்பியது இந்தப் பேச்சின் தனிச்சிறப்பு.

டிசம்பர் முழுவதும் நியூயார்க்கில் தரப்புகள் இழுபறியில் இருந்தன. 31ஆம் நாள் நள்ளிரவோடு பொதுச்செயலாளரின் பதவி முடிகிறது. மறுநாள் பூட்ரஸ் பூட்ரஸ்-காலி வருகிறார். புதியவர் கோப்பைப் புரிந்துகொள்ள மாதங்கள் ஆகும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சல்வடோர் அதிபர் அல்ஃபிரெடோ கிறிஸ்தியானி தாமே நியூயார்க் வந்து சேர்ந்தார். வேறு எதற்கும் அழுத்தம் கொடுக்கும் அதிகாரம் இல்லாத பதவியில், பெரெஸ் டி குவேயாரிடம் அன்று இருந்த ஒரே அழுத்தம் சுவர்க் கடிகாரம். நகரம் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நள்ளிரவை ஒட்டி உடன்பாடு கையெழுத்தானது. முறையான ஒப்பந்தம் 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோ நகரின் சப்புல்தெபெக் கோட்டையில் கையெழுத்தாயிற்று. அதற்குள் அவர் முன்னாள் பொதுச்செயலாளர்.

ஆப்கானிஸ்தான், கம்போடியா?

இரண்டும் அவர் காலத்து உடன்பாடுகள். 1988 ஏப்ரல் 14 ஜெனீவா உடன்பாடு சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேற வழிசெய்தது. பேச்சை நடத்தியவர் ஈக்வடாரின் டியேகோ கோர்தோவெஸ். படைகள் போயின, உள்நாட்டுப் போர் போகவில்லை. கம்போடியாவுக்கான பாரிஸ் உடன்பாடு 1991 அக்டோபர் 23 அன்று கையெழுத்தானது. அதை நிறைவேற்றும் பெரும்பாரம் அடுத்தவர் தலையில் விழுந்தது.

அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததா?

இல்லை, இது அடிக்கடி நேரும் குழப்பம். 1988ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு ஐ.நா. அமைதிப்படைகளுக்கு வழங்கப்பட்டது. ஆஸ்லோ சென்று அதைப் பெற்றுக்கொண்டவர் பொதுச்செயலாளர் என்பதால் புகைப்படங்களில் அவர் இருக்கிறார். அவருக்கே கிடைத்த விருதுகளில் இந்திய அரசின் 1987ஆம் ஆண்டுக்கான ஜவாஹர்லால் நேரு விருதும், 1991இல் அமெரிக்க அதிபர் அளித்த சுதந்திரப் பதக்கமும் அடங்கும்.

தோல்விகள் எவை?

குவைத்தை ஈராக் கைப்பற்றியபின், அது வெளியேறப் பாதுகாப்பு அவை விதித்த கெடு முடிய இரண்டே நாள் இருந்த 1991 ஜனவரி 13 அன்று பாக்தாத்தில் சதாம் உசேனைச் சந்தித்து வெறுங்கையோடு திரும்பினார். கொண்டுபோன அதிகாரமும் கொஞ்சம்தான்; முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டிருந்தது. மேற்கு சகாராவில் 1991 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் வந்தது, வாக்களிக்கத் தகுதியானவர் யார் என்ற பூசலில், விடுதலையா மொராக்கோவுடன் இணைப்பா என்று முடிவுசெய்ய வேண்டிய பொதுவாக்கெடுப்பு வரவில்லை. பதவியின் கடைசி வாரங்களில் வாக்காளர் தகுதியை அகலப்படுத்தி அவர் அளித்த பரிந்துரை மொராக்கோவுக்குச் சாதகமானது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

யூகோஸ்லாவியா விஷயத்தில் அவர் தோற்றாலும் சொன்னது சரியாகவே இருந்தது. அதிலிருந்து பிரிந்த குரோவேஷியாவையும் சுலோவேனியாவையும் அவசரமாக, தனித்தனியே அங்கீகரித்தால் போர் பொஸ்னியாவுக்கும் பரவும் என்ற அச்சத்தை 1991 டிசம்பரில் ஐரோப்பிய அமைச்சர்களுக்குக் கடிதமாக எழுதினார். ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் அதை ஏற்கவில்லை. அந்த மாதமே ஜெர்மனி அங்கீகரித்தது. 1992 ஏப்ரலில் பொஸ்னியா பற்றி எரிந்தது.

பனிப்போர் முடிந்ததால் கிடைத்த வெற்றிகளை அவர் கணக்கில் எழுதலாமா?

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இல்லையேல் 1988இன் உடன்பாடுகள் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. அதே சமயம், காற்று திரும்பியபோது பாய் விரிக்கப் படகு தயாராக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா தன் பங்குத் தொகையை நிறுத்திவைத்ததால் 1986இல் ஐ.நா. சம்பளம் கொடுக்கவே திணறியது. ஊழியரில் 15 விழுக்காட்டைக் குறைக்கும் திட்டத்தை அவர் ஏற்க வேண்டியிருந்தது. அவ்வாண்டே அவருக்கு இதய அறுவை சிகிச்சையும் நடந்தது. விலக நினைத்தவர் இரண்டாம் முறைக்கு ஒப்பினார். அந்த வறண்ட ஆண்டுகளில் வாசல்களைத் திறந்தே வைத்திருந்ததும் வரைவுகளைத் தீட்டி வைத்ததும்தான் அவர் கணக்கு. செய்தித்தாளில் தலைப்பாகாத வேலை அது.

1995 தேர்தலில் ஏன் தோற்றார்?

1992 ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து அதிகாரத்தைக் கையில் எடுத்த அல்பெர்தோ புஜிமோரிக்கு எதிராக, "பெருவுக்கான ஒன்றியம்" என்ற புதிய அணியின் சார்பில் 75 வயதில் களமிறங்கினார். சட்டத்தின் ஆட்சி என்பதே அவர் வாதம். வாக்காளரோ வேறு கணக்கில் இருந்தனர். ஆயிரக்கணக்கான விழுக்காட்டில் இருந்த பணவீக்கத்தை அடக்கியவர், ஒளிரும் பாதை கொரில்லாத் தலைவர் அபிமாயேல் குஸ்மானைச் சிறையிலடைத்தவர் என்ற பெயர் புஜிமோரிக்கு இருந்தது. மலைக் கிராமங்களுக்கு அங்குள்ளோரின் பொஞ்சோ போர்வை போர்த்திச் சென்று பள்ளி திறந்து வைக்கும் அதிபருக்கு எதிரே, நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்த, தாழ்ந்த குரலில் பேசும் லிமாக் கனவான் எடுபடவில்லை. புஜிமோரிக்குச் சுமார் 64 விழுக்காடு, இவருக்குச் சுமார் 22. சமரசத்துக்கு உதவிய குணங்கள் தேர்தலுக்கு உதவவில்லை. அரசின் உளவுத்துறை ஒட்டுக்கேட்ட தொலைபேசிகளில் அவருடையதும் ஒன்று என்று 1997இல் லிமாத் தொலைக்காட்சி ஒன்று அம்பலப்படுத்தியது.

எண்பது வயதில் பிரதமரானது எப்படி?

2000 செப்டம்பரில், உளவுத்துறையை ஆட்டிவைத்த விளாதிமிரோ மொந்தெசினோஸ் எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் ஒளிப்பதிவு வெளியானது. நவம்பரில் புஜிமோரி ஜப்பானிலிருந்து தொலைநகலில் பதவிவிலகல் அனுப்பினார். அதை ஏற்காத நாடாளுமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்து, தன் அவைத்தலைவர் வலென்டின் பனியாகுவாவை இடைக்கால அதிபராக்கியது. பனியாகுவா அழைத்தது பெரெஸ் டி குவேயாரை. பெருவில் ஆட்சிப்பொறுப்பு அதிபருடையதே. அமைச்சரவைத் தலைவர் என்ற பிரதமர் பதவி அதற்கு அடுத்தது. வெளியுறவையும் அவரே ஏற்றார்.

எட்டு மாத அரசுதான். 2001 ஜூலை 28 வரை. அதற்குள் புஜிமோரி கைகழுவிய அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் அதிகாரவரம்பை பெரு மீண்டும் ஏற்றது. அரசுப் படைகளும் கொரில்லாக்களும் நடத்திய வன்முறைகளை ஆராய உண்மை ஆணையம் அமைந்தது. தேர்தல் ஒழுங்காக நடந்து அலெஹாந்திரோ தொலேதோ அதிபரானார். மக்களாட்சியை உள்ளிருந்தே குலைக்கும் அரசுகளுக்கு எதிராக ஒரு பொது ஆவணம் வேண்டும் என்று பெரு அப்போது முன்வைத்த யோசனை, அமெரிக்க நாடுகளின் மக்களாட்சிச் சாசனமாக லிமாவில் நிறைவேறியது. நாள் 2001 செப்டம்பர் 11. உலகின் கண்கள் அன்று வேறிடத்தில் இருந்தன.

அதன்பின்?

2004 வரை பிரான்சில் பெருவின் தூதராக இருந்தார். 1940களில் இளநிலைச் செயலராகப் போன அதே தூதரகத்துக்குத் தலைவராக, எண்பதைக் கடந்த வயதில். பின்பு லிமா திரும்பினார். பெருவின் தூதரகப் பணிக்குத் தேர்வாகும் இளைஞர்கள் பயிலும் கல்விக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அவரே அங்கே பன்னாட்டுச் சட்டம் கற்பித்திருந்தார்.